வன்ஹெம்பி

மதாம் வாயை இறுக மூடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டால், பிறகு கரண்டியை நீட்டிப் பயனில்லை. பாரிஸ் நகரத்து லாசப்பலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே என் பொறுப்பில் இருந்த மதாம் பின்லாந்தில் பிறந்தவர். மறதி நோய் அவருடைய பிரெஞ்சு முழுவதையும் எடுத்துக்கொண்டு, தாய்மொழியை மட்டும் விட்டுவைத்திருந்தது. சாப்பாடு குறைந்துகொண்டே போனது. இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். வீட்டில் யாருக்கும் வராத பிரெஞ்சைப் படித்தவளுக்கு இன்னொரு மொழி வராதா என்ற திமிரில், கைபேசியில் பின்னிஷ் பாடம் தொடங்கினேன். சாப்பாடு, தண்ணீர், யாருடைய, என்னுடைய என்று சில சொற்கள் வந்தன. எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் இடறினேன்.

"பேரைச் சொல்லன். வெள்ளைக்காரர் கோவிக்க மாட்டினம்" என்றார் அங்கே துப்புரவு வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா.

"வயசுபோன மனிசியைப் பேர் சொல்ல வாய் வருகுதில்லை அக்கா."

"அப்ப ஆச்சி எண்டு கூப்பிடு. நாளைக்குப் புட்டுக் கேப்பா."

அகராதியைத் தேடினேன். 'வன்ஹுஸ்' என்றால் முதியவர். அது நம்முடைய 'கிழவி' மாதிரி ஒலித்துவிடுமோ என்று பயந்தேன். 'இக்கா இஹ்மினென்', வயது மனிதர். நாம் வயது போனவர் என்கிறோம்; அவர்கள் வயதைப் போகவிடாமல் மனிதரோடேயே வைத்திருக்கிறார்கள். பிடித்திருந்தது, ஆனால் அலுவலகச் சொல் போலிருந்தது. 'வன்ஹா' வயதான, 'வன்ஹெம்பி' இன்னும் வயது கூடிய. நம்முடைய மூத்தவர் இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

"வன்ஹெம்பி" என்று மறுநாள் மதியம் கரண்டியை நீட்டினேன்.

மதாம் திரும்பினார். நெற்றி சுருங்கியது. "கெனென்?" என்றார். யாருடைய?

எங்கள் வீட்டுப் பெரியவர் என்று நாம் சொல்வதில்லையா. "மினுன்" என்றேன். என்னுடைய.

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். உருளைக்கிழங்கு மசியல் முழுவதும் உள்ளே போயிற்று.

அக்கா எட்டிப் பார்த்தார். "எடியே, என்ன மந்திரம் சொன்னனீ?"

மாலையில் மறுபடி அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தனியே நிற்கும்போது அந்தச் சொல்லுக்குத் தாய் அல்லது தந்தை என்று பொருள். பெற்றவளே என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரைப் பெற்றவள் என்று அவர் கேட்டிருக்கிறார். என்னை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் நான் இதைச் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா மெல்லச் சொன்னார்: "அப்ப பின்லாந்திலையும் உனக்கொரு தாய். கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லை மாற்றவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சும் பிறகு எழவில்லை. மதாம் குழாய் எதுவும் இல்லாமல், தம் அறையில், தம் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அதுவரை ஒவ்வொரு மதியமும், முந்தின நாளை மறந்து, "கெனென்?" என்று கேட்பார். "மினுன்" என்பேன். ஒவ்வொரு நாளும் என் உச்சரிப்பு முந்தின நாளைவிடத் திருத்தமாக இருந்தது.