அப்பா அனுப்பிய சைக்கிள்

அப்பாத்துரை மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டிய காலத்தில், ஊருக்கு வரும் ஒவ்வொரு விடுப்புக்கும் முன்னால் மகளுக்காகக் கடைகடையாக ஏறி இறங்குவார். அறையில் கூட இருந்தவர்கள் தங்கமும் சென்ட் பாட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் பொம்மைக் கடையில் நிற்பார். பிள்ளைக்கு என்ன வயசு என்று கடைக்காரன் கேட்டால் கையைத் தன் இடுப்பளவில் வைத்துக் காட்டுவார். போன விடுப்பு முடிந்து திரும்பும்போது விமான நிலையத்தில் கடைசியாகப் பார்த்த உயரம் அது. அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணுக்குள் நின்றது அந்த உயரம்தான்.

அதனால் அவர் வாங்கிய சாமான் எல்லாம் கொஞ்சம் பிந்தியே வீடு வந்து சேர்ந்தது. கிலுகிலுப்பை வந்தபோது டார்லின் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். சாவி கொடுத்தால் கொட்டடிக்கும் குரங்கு வந்தபோது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏழாம் வகுப்பில் இருந்த வருசம் அவரால் விடுப்பில் வர முடியவில்லை. ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவனிடம், படுக்க வைத்தால் அழுகிற மஞ்சள் முடிப் பொம்மை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாள் கழித்துப் போனில் மகள், "தேங்க்ஸ்ப்பா, ரொம்ப நல்லாருக்கு" என்றாள். லைன் இரைந்தது, வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் பல மாசம் லாரி ஓட்டினார்.

இப்போது அவருக்கு எழுபது நெருங்குகிறது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் மனைவி சாரம்மாளோடு இருக்கிறார். டார்லின் கோயம்புத்தூரில் ஆசிரியை. கணவர் எஸ்றா அங்கேயே ஒரு கம்பெனியில் இருக்கிறார். மகள் ஜெமிமாவுக்கு ஏழு வயசு. கிறிஸ்மஸுக்கு மூன்று பேரும் தவறாமல் வந்துவிடுவார்கள்.

போன கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் முன்னறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் முந்திரிக்கொத்து இருந்தது. ஜெமிமா, "அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப நடந்ததச் சொல்லு" என்று ஆரம்பித்துவைத்தாள். அப்புறம் சாரம்மாளும் டார்லினும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்தார்கள். குளியலறையில் சாரைப் பாம்பு புகுந்த கதை. அம்மை போட்டிருந்தபோது டார்லின் திருட்டுத்தனமாக ஐஸ் வாங்கித் தின்ற கதை. ஞாயிற்றுப் பள்ளி நாடகத்தில் ஆட்டிடையனாக நின்ற பயல் தூங்கி விழுந்த கதை. அப்பாத்துரையும் சிரித்தார். ஒரு கட்டத்தில், "அந்தப் பாம்ப அப்ப யாரு அடிச்சா? நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டார்.

"நீங்க மஸ்கட்லப்பா" என்றாள் டார்லின். "மாமாதான் வந்து அடிச்சாவ."

அவருக்குச் சொல்லக் கதை இல்லை. அதை டார்லின் கவனித்திருக்க வேண்டும். மகளை மடியில் இழுத்துக்கொண்டு, "தாத்தா எனக்கு என்ன அனுப்பிச்சாங்க தெரியுமா? செவப்பு சைக்கிள்!" என்றாள். "எங்க கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க சைக்கிள்ல வருவாங்க. நான் மட்டும் நடந்து போவேன். யாருகிட்டயும் கேக்கல. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், வீட்டு வாசல்ல பெரிய அட்டைப்பெட்டி. மேல அரபு எழுத்து ஒட்டியிருக்கு. பிரிச்சா சைக்கிள். நான் வாங்கினதுலயே அதான் நல்ல கிஃப்ட்."

எஸ்றா மாமனாரைப் பார்த்து, "சைக்கிளையா மாமா பிளைட்ல அனுப்புனீங்க?" என்று சிரித்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அப்பாத்துரை ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தச் சைக்கிள் அவருக்கு நினைவிருந்தது. அடுத்த விடுப்பில் வந்தபோது முற்றத்தில் நின்றது. சாரம்மாள் வாங்கிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனதும் நினைவிருந்தது.

மறுநாள் காலையில் மகளும் மருமகனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனதும் அவர் அடுக்களைக்குள் போய் நின்றார்.

"சாரா, அந்த சைக்கிள் யாரு வாங்குனது?"

சாரம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "எபி" என்றாள்.

எபி அவளுடைய தம்பி. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவன். செத்து நாலு வருசம் ஆகிறது.

அவள் சொன்னது இதுதான். மஞ்சள் முடிப் பொம்மை வந்த அன்று எபியும் வீட்டில் இருந்தான். டார்லின் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், ஒரு தடவை படுக்க வைத்து அழவிட்டாள், திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "எனக்கு என்ன வயசுன்னு அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எபி அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினான். அடுத்த மாசம் அம்பாசமுத்திரத்தில் சைக்கிள் வாங்கி, பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவந்தான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருமுன்னே பழைய அட்டைகளை வைத்துச் சுற்றிக் கட்டினான்.

"நீங்க முன்ன அனுப்பின சோப்புப் பெட்டி பரண்ல கெடந்துச்சு. அதுல இருந்த அரபு எழுத்தக் கிழிச்சு, சோத்துப் பருக்கையத் தேச்சு ஒட்டினான். அப்பா அனுப்புச்சது, மாமா போயி எடுத்துட்டு வந்தேன்னு சொன்னான். பிள்ள நம்பிட்டா. போன்ல அவ ஒங்களுக்கு தேங்க்ஸ் சொன்னது அதுக்குத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டான். அத்தானுக்கு வலிக்கும்னான்."

அப்பாத்துரைக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்துவிட்டது. சாரம்மாள் அதைச் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊரோடு வந்த புதிது. டார்லினுக்கு நாசரேத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், அரசு வேலை. உடனே பேசி முடித்துவிட வேண்டும் என்று அவர் நின்றார். எபி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அத்தான், பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு கெடக்கு. பைய பாப்பமே. அவளுக்கு இதுல மனசில்ல."

"அவ மனசு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

"எங்கிட்ட சொல்லி அழுதா அத்தான்."

அதுதான் அவரைச் சுட்டது. பெற்றவன் பக்கத்து அறையில் இருக்க, பிள்ளை இவனிடம் போய் அழுதிருக்கிறது. அவர் எழுந்து நின்று கத்தினார்.

"அந்நிய நாட்டுல வெயில்ல கெடந்து இவளுக்குப் பாத்துப் பாத்து வாங்கி அனுப்புனவன் நான். நீ என்னலே செஞ்ச? ஒரு பொம்ம, ஒரு மிட்டாய் வாங்கிக் குடுத்திருப்பியாலே இந்தப் பிள்ளைக்கு? பேச வந்துட்டான்."

சாரம்மாள் வாயைத் திறந்தாள். எபி அவளைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தான். அக்காளும் தம்பியும் ஏதோ சாடை பேசுகிறார்கள் என்று அப்பாத்துரைக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. எபி செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவன் வரவில்லை.

அந்த வரன் எப்படியோ தானாகவே விட்டுப்போனது. டார்லின் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், எஸ்றாவைக் கட்டினாள். அந்தக் கல்யாணத்தில் தாய்மாமன் கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போய்விட்டான். கூப்பிட்டு உட்காரவைத்திருக்க வேண்டியவர் அப்பாத்துரைதான். பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துகொண்டார். எபி ஷிப்ட் முடிந்து வந்து மாரடைப்பில் செத்தபோது அடக்கத்துக்குப் போனார். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தவரும் அவர்தான்.

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாம்லா சாரா" என்றார்.

"அவன் வேண்டாம்னு தலையாட்டினானே. பிறகு அவனே போயிட்டான். யாருக்காகச் சொல்ல?" என்றாள். அரிசியைக் கழுவி உலையில் போட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் பேத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தால் கூடவே போய்விட்டு, போன இடத்தில் சும்மா நின்றார். மகளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தார். சாரம்மாள், "சொல்ல வேண்டாம். அவ சந்தோசமா நெனச்சுக்கிட்டுப் போட்டும். அவனும் அதத்தான் விரும்பினான்" என்றாள். அது வாஸ்தவம்தான் என்று பட்டது. ஆனால் எபியிடமிருந்து இனியும் எதையாவது வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் டார்லின் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாத்துரை மேலே ஏறிப் போனார். மூச்சு வாங்கியது.

"அந்த சைக்கிள் நான் அனுப்புனது இல்லம்மா. எபி வாங்குனது."

டார்லின் ஒரு சட்டையைப் பாதி மடித்தபடி நின்றாள். "அந்த அரபு எழுத்து?"

"சோப்புப் பெட்டியில கிழிச்சது."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாமா எத்தன தடவ அதுக்குப் பஞ்சர் பாத்துத் தந்திருக்காவ தெரியுமா? வரும்போதெல்லாம் கைப்பிடியத் தொடச்சுக்கிட்டே சொல்லுவாவ, ஒங்கப்பா அனுப்புன சைக்கிளு, மழையில போடாத பிள்ளன்னு. என் கல்யாணத்தன்னைக்கு மாமா சாப்பிட்டாவளான்னு கூட நான் கேக்கல."

"தப்பு எம்மேலதான்."

"அதில்லப்பா." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க இங்க இல்லையேன்னு எனக்குக் கோவம் வரும். ரொம்ப வரும். அப்பல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிடுவேன். நம்ம கேக்காமலே, நமக்கு என்ன வேணும்னு அப்பா ஒரு தடவையாச்சும் தெரிஞ்சு வச்சிருந்தாங்கன்னு. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. ஏன்ப்பா இப்பச் சொன்னீங்க?"

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு கீழே போனாள். மறுநாள் ஸ்டேஷனில் வழக்கம்போல, "மாத்திரைய ஒழுங்கா போடுங்க" என்றாள். ஜெமிமா முத்தம் கொடுத்தாள். ரயில் போய்விட்டது.

புதுவருசம் கழிந்து ஒரு நாள் அவர் எபியின் ஊருக்குத் தனியாகப் பாபநாசம் பஸ் ஏறினார். சாரம்மாள் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

எபியின் மனைவி பாக்கியவதி வாசலில் வந்து நின்று அவரைப் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துத்தான், "வாங்கண்ணே" என்றாள். உட்காரச் சொன்னாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு சைக்கிளைப் பற்றிச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள் பாக்கியவதி. "அம்பாசமுத்திரத்துக்கு நானும்தான் போனேன். செவப்பா நீலமான்னு எங்கிட்டதான் கேட்டாவ. செவப்புன்னு நான்தான் சொன்னேன்."

"நான் பேசுனத எபி ஒங்கிட்ட சொன்னானா?"

"அத்தான் கோவக்காரருன்னு சொன்னாவ. அவ்வளவுதான். மத்தத அக்கா சொல்லித்தான் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அந்த வீட்டில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அதை யாரிடம் சொல்வது என்று விளங்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

பாக்கியவதி குரலை உயர்த்தவில்லை. "அவிய இருக்கயில வந்திருக்கலாம்ண்ணே. கிறிஸ்மஸ் அன்னைக்குத் தெருமுனையில பஸ் நின்னா எட்டிப் பாப்பாவ. அக்கா வருவா, நீங்களும் வருவீங்கன்னு. நான் சத்தம் போடுவேன், யாரும் வரமாட்டாவ, சாப்பிட வாங்கன்னு." டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர நேரமானது.

அந்த நேரத்தில் அவருடைய போனில் டார்லினிடமிருந்து செய்தி வந்தது. ஊருக்குப் போன பிறகு அவளாக அனுப்பிய முதல் செய்தி. அப்பா விக்கிரமசிங்கபுரம் போயிருப்பதை அம்மா சொல்லியிருக்க வேண்டும். "மாமா போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அத்தைகிட்ட கேட்டு அனுப்புங்க."

சுவரில் எபியின் படம் மாட்டியிருந்தது. மில் அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அவர் எழுந்துபோய் போனை உயர்த்திப் பிடித்தார். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடிமேல் அவருடைய உருவமே விழுந்தது. தள்ளி நின்று பார்த்தார், சாய்ந்து பார்த்தார். எபியின் முகம் பாதி மறைந்தே இருந்தது.

பாக்கியவதி வந்து பார்த்துவிட்டு முக்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தாள். நிழலான பக்கமாகத் திருப்பி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுங்க" என்றாள்.

எடுத்து அனுப்பினார். டார்லின் பார்த்துவிட்டாள் என்று அடையாளம் காட்டியது. பதில் எதுவும் வரவில்லை. அவர் அந்தப் படத்தைத் தன் போனிலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாக்கியவதியிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.