அக்காவின் ஆல்பத்துக்கு நாலு மூலை

கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பழனி ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர். டூட்டி முடிந்து வருவார், அம்மா போடுவதைச் சாப்பிடுவார், படுத்துவிடுவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளிடம் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவளை அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்கத் தைரியமும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்காக ஒரு ஆல்பம் செய்ய உட்கார்ந்தேன்.

பேன்சி ஸ்டோரில் ஒரு பார்டர் பஞ்ச் வாங்கினேன். காகித ஓரத்தை உள்ளே விட்டு அழுத்தினால் பூவும் வளைவுமாக லேஸ் போல வெட்டித் தரும். வெள்ளைத் தாளில் அப்படிப் பட்டைகள் வெட்டி, கறுப்பு சார்ட்டில் ஒட்டிய போட்டோக்களைச் சுற்றி வைக்க நினைத்தேன். நேராகப் போகும்வரை அழகாகத்தான் இருந்தது. மூலைக்கு வந்ததும் ஒரு பக்கத்துப் பூ பாதியில் அறுந்து நிற்கும், மறுபக்கத்து வளைவு வந்து இடிக்கும். மூன்று மூலை சேர்ந்தால் நாலாவது சேராது.

"இம்புட்டுத் தாளயும் எதுக்குடி வீணாக்குற?" என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளுக்காக இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. பட்டையின் நீளத்தை ஸ்கேலால் அளக்கக் கூடாது, பூவை எண்ணி வெட்ட வேண்டும். மூலையில் இரண்டு பட்டைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பூவின் நடுவே சாய்வாக வெட்டினால் இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே பூவாகிவிடும்.

கன்னியர் மடத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அக்கா ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். மூலைகளை விரலால் தடவினாள்.

"எப்பிடிடி இப்பிடிச் சேத்த?" என்றாள். ஆல்பத்தை மூடி என் கையில் கொடுத்து, "ஆனா இத நான் கொண்டுபோக முடியாதுடி. அங்க வச்சிக்க விடமாட்டாங்க" என்றாள்.

அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல டூட்டிக்குப் போய்விட்டார். அக்காவின் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டிரைவர் சீட்டில் இருந்த அப்பாவிடம் ஜன்னல் வழியாக நீட்டினேன். ஸ்டியரிங் மேல் வைத்து, கடைசிப் பக்கம் வரை புரட்டினார். இறங்கி வந்துவிடுவார் என்று நினைத்தேன். கண்டக்டர் விசிலடித்தார்.

"வண்டி எடுக்கணும் பாப்பா, தள்ளி நில்லு" என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

ஸ்டேஷனில் அக்கா, "அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"டூட்டி மாத்திவிட ஆளில்லையாம்" என்றேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து அவள் கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுத்த பூசைக்கு அப்பா வந்தார். ஏன் வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வெள்ளை அங்கியில் அக்கா எதிரே வந்து நின்றதும் எழுந்து, "சாப்டியாம்மா?" என்றார்.

"இனிமேதான்ப்பா."

  மூன்று பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.