ஆடிட் அன்று திறக்கும் அறை

வேலைக்கு வந்தால் சம்பளம் உண்டு, வராவிட்டால் பிடித்தம் உண்டு, தாமதமாக வந்தால் மெமோ உண்டு. வேலை நடக்கிற நேரத்தில், வேலை செய்கிறவள் பெற்ற பிள்ளை எங்கே இருக்க வேண்டும்? ஒரகடம் தொழிற்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து கனகலட்சுமி இந்தக் கேள்வியைப் பலரிடம் கேட்டுவிட்டாள். யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. அது உன் பாடு என்றார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி அவள். கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் வேலை. நீளமான பலகையில் பல நிற ஒயர்களை ஆணிகளுக்கு இடையே ஓட்டி, கை நிற்காமல் டேப் சுற்ற வேண்டும். கணவன் உச்சிமாகாளி வேறொரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருக்கிறான். மண்ணூரில் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. மகள் தர்ஷிகாவுக்கு இரண்டரை வயது.

மண்ணூரில் அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் அது கதவைத் திறக்கும் நேரத்தில் கனகலட்சுமி பாதி ஷிப்டை முடித்திருப்பாள். "புள்ளைய ஊர்ல விட்டுட்டு வாயேன், உங்க மாமியார் பாத்துக்க மாட்டாங்களா?" என்று கம்பெனியில் லைன் லீடர் சத்யப்பிரியா கேட்பாள். மாமியார் விடியும் முன்பே களையெடுக்கப் போகிறவள். இந்த நாட்டில் வயதான பெண்கள் எல்லாரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணித்தான் ஷிப்டுகளையே போட்டிருக்கிறார்கள் போலும்.

மிச்சமிருந்தது மீனம்மாள் வீடு. குடும்ப நிலம் விற்றுப்போன பிறகு, வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் அறையில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது பிள்ளைகள், இரண்டு பாய்கள், நாள் முழுக்க ஓடும் ஒரு டிவி. மாதம் நாலாயிரம் ரூபாய். தாய்க்கு ஓவர்டைம் வந்தால் அதற்குத் தனிக்காசு. பாலும் டயப்பரும் அவரவர் கொண்டு வர வேண்டும். உடம்பு சூடாக இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

"ஜொரத்தோட இட்டாராதம்மா. ஒண்ணுக்கு வந்தா ஒம்போதுக்கும் வந்துடும். அப்பால எல்லாரும் என் வூட்டாண்ட வந்து நிப்பாளுங்க."

"லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிருமேக்கா."

"உனுக்கு போனஸ் போவும். எனுக்கு மானம் போவும்."

அவளைக் குறைசொல்லக் கனகலட்சுமிக்கு மனம் வரவில்லை. ஒன்பது பிள்ளைகளுக்கு அங்கே இருப்பது இரண்டு கைகள். ஆனால் டேப் சுற்றும்போது மனசு அந்த அறைக்குப் போய்விடும். சாப்பிட்டாளா, யாராவது கடித்தார்களா, தெருப்பக்கக் கதவு சாத்தியிருக்கிறதா? போனைக் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வதால், ஷிப்ட் முடியும்வரை கேட்க வழியில்லை.

வீட்டிலும் ஒரு கணக்கு ஓடியது.

"உன் சம்பளத்துல பாதி அந்தக்காவுக்கும் ஆஸ்பத்திரிக்குந்தான் போவுது. பேசாம வீட்டுல இருந்துரலாம்லா?" என்பான் உச்சிமாகாளி.

"உங்க சம்பளத்துலருந்து போவுதுன்னு வச்சுக்கிடுங்க. நீங்க இருந்துருங்க."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. பிள்ளை இருவருக்கும் பொது. அதற்கான செலவை மட்டும் ஏன் எப்போதும் அவள் சம்பளத்திலிருந்தே கழிக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. அவனும் கெட்டவன் அல்ல. அப்படித்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கம்பெனியில் கேன்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை உண்டு. 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை தொங்கும். சுவரில் யானையும் பட்டாம்பூச்சியும் வரைந்திருக்கும். கதவு எப்போதும் பூட்டியிருக்கும். உள்ளே காலி அட்டைப்பெட்டிகள்.

போன ஆடி மாதத்தில் ஒருநாள், எச்.ஆர். அதிகாரி சசிரேகா லைனுக்கே வந்தாள். "கனகா, நாளைக்குப் பாப்பாவ கூட்டிட்டு வாங்க. கம்பெனி பஸ்லயே ஏத்திக்கலாம். கஸ்டமர் ஆடிட் இருக்கு, எல்லாத்தையும் சோதிச்சுப் பாப்பாங்க" என்றாள்.

மறுநாள் அட்டைப்பெட்டிகளைக் காணோம். மெத்தைகள், சறுக்குமரம், பிளாஸ்டிக் குதிரை எல்லாம் வந்திருந்தன. கழிவறை கழுவும் கலைமணி புதுக் கோட்டு போட்டு ஆயாவாக நின்றாள். ஆறு பிள்ளைகளுக்குப் பாலும் அவித்த முட்டையும் கிடைத்தன. டீ இடைவேளையில் கனகலட்சுமி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தர்ஷிகா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவே தன் பிள்ளை என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது அதுவே முதல் தடவை. அன்று அவள் கட்டியதில் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை.

அதற்கு மறுநாள் பெட்டிகள் திரும்பிவிட்டன. தர்ஷிகா மீனம்மாள் வாசலில் உருண்டு புரண்டு அழுதாள். "இன்னாத்த காட்டன நீ இதுக்கு? சறுக்கு, சறுக்குன்னு கத்திகினே கீது" என்றாள் மீனம்மாள்.

கனகலட்சுமி பலமுறை கேட்டாள். "பிராசஸ்ல இருக்கு கனகா" என்று சசிரேகா பலமுறை சொன்னாள்.

தை மாதத்தில் அடுத்த ஆடிட் வந்தது. இந்தத் தடவை பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். "பாப்பா தினமும் வர்றாளான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க. பாஸ் ஆனா அடுத்த மாசமே திறந்துடுவோம்."

வாடிக்கையாளரான வெளிநாட்டுக் கார் கம்பெனி அனுப்பிய அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டாள். சசிரேகா அதைத் தமிழில் கேட்டாள்.

"தினமும் வாரா மேடம்" என்றாள் கனகலட்சுமி.

அந்த அம்மாள் குனிந்து தர்ஷிகாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போனாள். நான்கு பேர் சேர்ந்து சொல்லும் பொய்க்கு அலுவலகத்தில் நடைமுறை என்று பெயர். அந்த நாலில் ஒருத்தி தான் என்பதுதான் கனகலட்சுமிக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போதும் அது அடங்கவில்லை.

மறுநாள் அவள் மீனம்மாள் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

டிரைவர் அப்பாவு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்குமா ஆடிட்டு?"

"தினமும் வாரான்னு எழுதியிருக்குண்ணே."

"யாரு எழுதனது?"

"கார் கம்பெனிக்காரங்க."

அப்பாவு கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி, குந்து. அவங்க எழுதனத அழிக்க நான் யாரு."

கேட்டில் செக்யூரிட்டி தடுத்தான். அவனிடமும் அதையே சொன்னாள். அவன் போன் போட்டுக் காத்திருந்தபோது அவள் உள்ளே நடந்து, பூட்டிய அறையின் வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டாள். லைனில் அவள் இடம் காலியானதால் பின்னாலிருந்த பலகைகளிலும் வேலை ஒவ்வொன்றாக நின்றது. சத்யப்பிரியா ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் சசிரேகா வந்தாள்.

"என்ன கனகா இது விளையாட்டு?"

"நீங்கதான மேடம் நேத்து கேட்டீங்க. தினமும் வாரான்னு நானும் சொன்னேன்."

"அது ஆடிட்டுக்காக. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியலையே."

சசிரேகா கோபப்பட முயன்றாள். முடியவில்லை. அவளுக்கும் மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். தாம்பரத்தில் பள்ளியோடு சேர்ந்த காப்பகத்துக்கு, கனகலட்சுமியின் சம்பளத்தைப்போல ஒரு தொகை கட்டுகிறாள். தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தாள். நெடுநேரம் "யெஸ் சார், யெஸ் சார்" என்றாள். பிறகு சாவியோடு வந்து கதவைத் திறந்தாள். பெட்டிகள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. தர்ஷிகா செருப்பைக்கூடக் கழற்றாமல் சறுக்குமரத்துக்கு ஓடினாள்.

சசிரேகா குரலைத் தாழ்த்தினாள். "சார்கிட்ட பேசிட்டேன். உங்க பாப்பா மட்டும் தினமும் வரட்டும். கலைமணி பாத்துப்பாங்க. ஒரு பைசா வேணாம். ஆனா வெளிய பேசக் கூடாது. கேட்டா, மெடிக்கல் பர்மிஷன்னு சொல்லுங்க. உங்களுக்காகத்தான் செய்றேன் கனகா."

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டிய ஒன்றை ஒரு பிள்ளைக்கு மட்டும் மறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்து நின்றாள் அவள். கனகலட்சுமி பிள்ளையைக் கலைமணியிடம் விட்டுவிட்டு லைனுக்குப் போனாள்.

பக்கத்துப் பலகையில் நிற்பவள் காந்திமதி. சேரப்பணஞ்சேரியிலிருந்து வருகிறவள். காலையில் வீட்டில் ஆளில்லாத நாட்களில் தன் பையனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவாள்.

"தொறந்துட்டாங்களாக்கா?" என்று கை நிற்காமலே கேட்டாள். "நாளைக்கு என் பையனையும் இட்டாரட்டா?"

கனகலட்சுமி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த ஒயரை எடுத்தாள்.

ஷிப்ட் முடிந்து போய்ப் பார்த்தபோது தர்ஷிகா வயிறு நிறையச் சாப்பிட்டு, சந்தோஷமாக இருந்தாள். "தங்கமான புள்ள, ஒரு தொந்தரவு இல்ல" என்றாள் கலைமணி. செய்தியைக் கேட்ட உச்சிமாகாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மாசம் நாலாயிரம் மிச்சம்ளா. நீ பெரிய ஆளுதான்" என்றான்.

மறுநாள் விடியும் முன்பே கனகலட்சுமி பிள்ளைக்குச் சட்டை மாட்டினாள். பால் பாட்டிலையும் டயப்பரையும் பையில் வைத்தாள்.

"அங்கதான் எல்லாம் தாராங்களே, இதெதுக்கு?" என்றான் அவன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இருட்டோடு நடந்து போய் மீனம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தில் அழுத தர்ஷிகாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் காந்திமதி பையனை நினைத்தபடி தனியாகப் பஸ் ஏறினாள். பாப்பாவை ஏன் கூட்டி வரவில்லை என்று சசிரேகா இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டாள். காந்திமதியும் கேட்டாள். கணவன் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒருவருக்கும் அவள் காரணம் சொன்னதில்லை.