ஒரே நாளில் எத்தனை போணி

டி.வி.யில் கோட்டு போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மெஷினே மெஷினை உண்டாக்குமாம். வாங்குவது, விற்பது எல்லாவற்றையும் அதுகளே பார்த்துக்கொள்ளுமாம். மனுஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாக உள்ளறையில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சுகத்தை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆரியசாலையில் எங்களுக்கு வற்றல் மிளகாயும் மல்லியும் விற்கிற மொத்தக் கடை இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்த என் மாமனார் போட்ட கடை. காலையில் சாம்பிராணி காட்டிவிட்டு இவர் கல்லாவில் உட்காருவார். முதலில் வருகிறவர்தான் போணி. அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஒரு மூட்டையில் கை நஷ்டம் வந்தால் வரட்டும், அன்றைய வியாபாரம் ஓஹோவென்று போகும் என்று நம்பிக்கை. அந்தத் தெரு முழுக்க அப்படித்தான்.

ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்த்த என் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தான். கடைக்கென்று ஒரு புரோகிராம் செய்திருந்தான். அது ஆர்டர் எடுக்கும், விலை பேசும், லாரிக்குச் சொல்லும். கூட்டம் கூடினால் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கி வேலைக்கு விடும். அதுவும் இன்னொன்றை உண்டாக்கும்.

"எத்தற பேர் வந்தாலும் குழப்பமில்ல அண்ணே. ஆளே வேண்டாம்."

"குட்டி போடும்னு சொல்லு" என்று இவர் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்கடே. எது வந்து கல்லால உக்காந்தாலும் போணியத் திருப்பி அனுப்பப்பிடாது. அத அதுக்குப் படிப்பிச்சுக் குடு."

அவனும் படிப்பித்தான். அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி! எனக்கு அப்போது அதில் தப்பாக எதுவும் படவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஆர்டர் கொட்டியது. அந்தப் படுபாவி புரோகிராம் குட்டி போட ஆரம்பித்தது. பிறந்த ஒவ்வொரு குட்டியும் தன்னிடம் முதலில் வந்தவரைப் போணி என்று எடுத்துக்கொண்டது. மத்தியானம் பிறந்ததற்கு மத்தியானம்தானே விடியல்! கழக்கூட்டம் தாண்டி ஹைவேயில் பெரிய கம்பெனி ஒன்றின் குடோன் இருந்தது. அங்கே சரக்கு வாங்குவதும் இதைப் போல ஒரு புரோகிராம்தான். புதிதாகப் பிறந்தது மலிவாகக் கொடுக்கிறது என்று அது மோப்பம் பிடித்துவிட்டது. இங்கே ஒன்று பிறந்தால் அங்கேயும் ஒன்று பிறந்து, முதல் ஆளாக வந்து நின்றது. மூட்டைக் கணக்கில் கொடுத்தது போய் லோடு கணக்கில் போக ஆரம்பித்தது.

கொழுந்தன் விஷயம் தெரிந்து ஓடி வந்தான். "அண்ணே, ஆஃப் பண்ணிரட்டா?"

"ஓணத்துக்கு முந்தி, பட்டப்பகல்ல கடைய அடைக்கச் சொல்லுதியா? வாயக் கழுவுல."

"அப்பம் அந்தப் போணிச் சட்டத்த மட்டுமாவது எடுத்திருதேன்."

"அதுல கைய வச்சே, பாத்துக்கோ. அங்கயும் ஒரு வியாபாரிதான இருப்பான்? நேர்ல போய்ச் சொன்னா பாதி லோடாவது திருப்பித் தருவான்."

ஆரியசாலையில் அப்படித்தான் நடக்கும். விலையில் பிசகிவிட்டால் ஆளைத் தேடிப் போய், எதிரே உட்கார்ந்து, ஒரு சாயா குடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி என்று தீர்த்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையில் ஆட்டோ பிடித்தார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

குடோன் கேட் தானாகத் திறந்தது, லாரி உள்ளே போனது, தானாக மூடிக்கொண்டது. வெளியே ஸ்டூலில் ஒரு வாட்ச்மேன் இருந்தான். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்றார் இவர்.

"முதலாளியோ? இவிடே ஆரும் இல்ல சாறே. லோறி வரும், போகும், அத்தறேயுள்ளு."

"அப்போ நீங்க?"

"பட்டி கேறாதே நோக்கணும்."

நாய் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அவனை வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாய் நிறையத் திட்ட வேண்டும் என்றாலும் எதிரே ஒரு முகம் வேண்டாமா? அந்த வாட்ச்மேனைத் திட்டி என்ன செய்ய!

கேட்டின் மேலே ஒரு கேமரா இருந்தது. இவர் அதன் அடியில் போய் நின்றார். செருப்பைக் கழற்றினார். பாங்க் மேனேஜர் முன்னால்கூடக் கும்பிட்டு நிற்காத மனுஷன், அண்ணாந்து பார்த்துக் கையைக் கூப்பினார். "சாறே, விலையில ஒரு தெற்று, தப்பு, பற்றிப் போயி. எங்க அப்பா தொடங்கின கடையாக்கும். பாதி லோடு போதும், திருப்பித் தரணும்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

"யாரப் பாத்துக் கும்பிடுதீங்க? உள்ள ஆளே இல்லங்க! வாங்க, போலாம்" என்று கத்திவிட்டேன்.

"சும்மா இரிட்டீ. இதுக்குப் பின்னால ஒருத்தனாவது இருப்பான்."

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் கையை இறக்கவில்லை. நான்தான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் கடையே அனுப்பிய செய்தி. இப்போதுதான் பிறந்த இன்னொரு குட்டி அவர் நின்றுகொண்டிருந்த இதே கேட்டுக்கு, போணி விலையில், கடைசி லோடையும் விற்றிருந்தது.