சம்பந்தி ஊற்றித் தந்த செம்மஞ்சள் வைன்

என் மகளைக் கட்டப்போகும் பெடியனின் தகப்பன் கலியாணத்துக்கு முன்பே என் கதையை முடிக்கப் பார்க்கிறார் என்று நான் ஒருநாள் மனதார நம்பினேன்.

பெடியன் இத்தாலியன். வூட்பிரிட்ஜில் அவர்கள் வீட்டில் விருந்து. அஜக்ஸிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்த மகள் வழி முழுக்க எனக்கு வகுப்பெடுத்தாள்.

“அப்பா, ப்ளீஸ், அங்க பகிடி விடாதேங்கோ. அவை சீரியஸான ஆக்கள். சாப்பாடு முடிய, எங்களுக்குச் சம்மதம் எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும். நீங்கள் சொல்லாமல் அவை நாள் பாக்க மாட்டினமாம்.”

அந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

போய் உட்கார்ந்ததும் சம்பந்தி பேஸ்மென்டுக்குள் இறங்கி, தூசி படிந்த ஒரு போத்தலைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு வந்தார். லேபிள் இல்லை. அடியில் சேறுபோல ஏதோ கிடந்தது. இத்தாலியில் அவருடைய மச்சான் போட்ட வைனாம். வெள்ளைத் திராட்சையை மண் ஜாடியில் இட்டு, ஜாடியை நிலத்தில் புதைத்து, பிறகு போத்தலில் பல வருசம் கிடக்கவிட்டதாம்.

எனக்குப் பக்கென்றது. நிலத்தில் புதைத்துச் செய்யும் சாமான் எங்கள் நாட்டிலும் உண்டு. அந்தக் கள்ளச் சாராயத்துக்குப் பெயர் கசிப்பு. அதைக் குடித்துக் கண் அவிந்தவர்களும் உண்டு.

“வெள்ளைத் திராட்சையெண்டால் உதென்ன உந்த நிறம்?” என்று மனைவியிடம் தமிழில் முணுமுணுத்தேன். அவர் ஊற்றித் தந்தது கிளாஸில் செம்மஞ்சளாய், கலங்கிய தோடம்பழச் சாறுபோல நின்றது.

“சும்மா குடியுங்கோ. பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறார்.”

உண்மைதான். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி குடிப்பதில்லை, மகள் கார் ஓட்டவேண்டும். சரி. ஆனால் சம்பந்தி தனக்கு ஊற்றிக்கொண்டது தண்ணீர். பெடியனின் கையில் கோலா. மேசையில் நிறைந்திருந்த ஒரே வைன் கிளாஸ் என்னுடையது.

ஒரு மிடறு குடித்தேன். முதலில் காய்ந்த தோடம்பழத் தோல், பிறகு பால் விடாத ஆறிய சாயத் தேத்தண்ணி, பிறகு யாரோ பச்சைப் பாக்கை வாய்க்குள் திணித்ததுபோல இருந்தது. கன்னங்கள் உள்ளுக்கு இழுபட்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் வேலையாகச் சுவரிலிருந்த படங்களை எண்ணிப் பார்த்தேன். கண் தெரிந்தது. அப்படியென்றால் பாரிசவாதம்தான்.

“இஞ்சேரும், நாக்கு விறைக்குது.”

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பதறமாட்டாள், வாதமா என்று சோதிக்கத் தெரியும்.

“எங்க, சிரியுங்கோ பாப்பம்.”

பல் முழுக்கத் தெரியச் சிரித்தேன்.

“ரெண்டு கையையும் தூக்குங்கோ.”

தூக்கினேன். வைன் பிடித்துப்போய்த்தான் நான் இப்படிக் கொண்டாடுகிறேன் என்று நினைத்த சம்பந்தி, “ஓஹோ!” என்று தானும் இரண்டு கைகளையும் தூக்கினார். பெடியனும் தூக்கினான். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப ஒரு வசனம் சொல்லுங்கோ,” என்றாள் மனைவி. அவளுடைய சோதனையில் அதுதான் கடைசிக் கட்டம்.

அந்த நேரத்தில் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு வசனம். கைகளை இறக்காமல் அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்: “எங்களுக்கு முழுச் சம்மதம்!”

குசினிக்குள் சமையலில் நின்ற சம்பந்தியம்மாவின் கரண்டி விழுந்தது. அவர் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்தார். சம்பந்தி என் இரண்டு கன்னங்களிலும் முத்தம் வைத்தார். மிச்ச வைனும் என் கிளாஸுக்குள் வந்தது.

“அப்பா, சாப்பிட்டாப் பிறகெல்லோ சொல்லச் சொன்னனான்,” என்றாள் மகள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

எனக்கு வாதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிட்டால் வைனில் அந்த நிறமும் துவர்ப்பும் வருமாம். சம்பந்தி குடிக்காததற்குக் காரணம் அவருடைய மருந்துக் குளிசை. வீட்டிலிருந்த கடைசிப் போத்தலைத்தான், பெடியனுக்குக்கூட ஊற்றாமல், எனக்காக உடைத்திருக்கிறார். நாங்கள் சாப்பிட உட்காருமுன்னே கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று.