கஞ்சியில் கலந்த மாத்திரை

போன வருட மழைக்காலம். வடசென்னையில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், நிமோனியா நோயாளிகளுக்கு ஒரு மருந்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதோடு தினமும் கூடுதலாக ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அதில் மருந்து இருக்கும். மற்றவர்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. எது யாருக்கு என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆய்வு அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

இதை விளக்கிச் சம்மதம் வாங்குவது என் வேலை. நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் சொன்னபோது, "இன்னாது, உனுக்கே தெரியாதா? நல்லா கீது போ உன் பொயப்பு!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ராயபுரத்து அம்மா ஒருவர். சர்க்கரை நோயும் உண்டு. ஒரே மகனுக்கு ஹார்பரில் வேலை, பகலில் வர முடியாது. ஜெபமாலையை உருட்டியபடி சத்தமில்லாமல் படுத்திருப்பார். வந்த வேகத்திலேயே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். தலை வாரிவிடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அக்காதான்.

அக்கா சீக்கிரமே தேறினார். அம்மாவுக்கு மட்டும் மூச்சுத் திணறல் குறையவே இல்லை.

ஒரு காலையில் வார்டுக்குள் நுழைந்தால், அம்மா கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகல்தான் வந்தது. சோதித்துப் பார்த்தோம், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. ஆய்வு மருந்தால் சர்க்கரை ஏறலாம் என்று தெரிந்து இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். இது அதையும் மீறி ஏறியிருந்தது. டாக்டரின் முகமே மாறிவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான்தான் சிஸ்டர் கொன்னுட்டேன். என் மாத்தரய பொடிச்சி கஞ்சில போட்டுக் குடுத்துகினு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதிரில் நின்று பார்க்கத்தானே தினமும் விழுங்கினார்? இல்லையாம். வாயில் போடுவது போல் கையைக் கொண்டுபோய், மாத்திரையை உள்ளங்கையிலேயே ஒளித்துக்கொள்வாராம். எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தியே விட்டேன்.

"எனுக்கு நல்ல மாத்தர வந்துகீது, அதான் எய்ந்துகினேன். அதுக்கு டூப்பு வந்துகீது போல, மூச்சு இஸ்துகினு கெடக்குது. பக்கத்துல படுத்துகினு எப்டி சிஸ்டர் சொம்மா பாத்துகினு இருக்கிறது? எனுக்குச் சீக்கு திரும்பி வந்தாலும் வந்துட்டுப் போவுதுன்னுதான் குடுத்தேன்."

ஓடிப்போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

இரண்டு பங்கு மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். டாக்டர் ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டார். பதில் வந்தது. மருந்து இருந்தது அம்மாவின் மாத்திரையில்தான். அக்காவுடையது வெறும் மாத்திரை!

அம்மாவுக்குச் சலைனும் இன்சுலினும் ஏறிக்கொண்டிருந்தன. அக்கா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, "மாதாவே, எனுக்கு உன்னப் பயக்கமில்ல. ஆனா அது தெனிக்கும் உன்னியத்தான் கூப்புடுது. காப்பாத்திக் குடும்மா" என்று அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மதியத்துக்கு மேல் அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அப்பாடா என்று நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். அதன் பிறகுதான் அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு நேரம் கிடைத்தது.

"மெய்யாலுமா? என்னால இல்லியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நம்பிக்கை வந்ததும் ஓவென்று அழுதார். அழுது முடித்து என் தோளில் ஒரு குத்து விட்டார். "அடிப்பாவி, இத்தினி நாளா சாக்பீஸா குடுத்துகினு இருந்த?" படுத்திருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விதிப்படி இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினோம். சில நாளில் இருவருமே நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த மாத்திரையில் ஒன்றுமில்லை என்பது அக்காவுக்குத் தெரியாது. தன் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் அதைப் பொடித்தார். நேற்று வரை முகம் தெரியாத ஒருத்தி மேல் ஒருத்திக்கு அவ்வளவு பிரியம் வரும் என்று கண்ணால் பார்த்த பிறகு, வார்டில் யாரையும் அதட்ட எனக்கு லேசில் வாய் வருவதில்லை.