மணல் சுடாத கால்கள்

அன்பான சகோதரங்களே, இந்தச் சாட்சியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதே கால்களைப் பற்றி நான் ஏற்கனவே ஒரு சாட்சி சொன்னவன். பேசாலையில், நம்முடைய செபக்கூட்டத்தில், ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் அழுதார்கள். அந்தச் சாட்சி பிழை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து எட்டு வருடமாகிறது. கிளினிக்கில் மருந்துக் குளிசை தந்தார்கள். கிளினிக்குக்குப் போகிற கிழமையில் மட்டும் ஒழுங்காகப் போட்டு, இரத்தம் கொடுத்து, நல்ல பிள்ளை என்று பேர் வாங்கி வருவேன். மற்ற நாட்களில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடலால் வந்ததும் கரையில் எங்கள் வாடிக் கொட்டிலில் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. மத்தியானம் கோப்பை நிறைய வெள்ளைச் சோறு. பின்னேரம் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இன்னொரு பிளேன்டீ. பனங்கட்டி பனையால் வருவது, அது சீனியில் சேராது என்பது நான் போட்ட சட்டம். என் மனைவி திரேசா சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போனாள்.

பிறகு கால் எரிவு தொடங்கியது. படுத்தால் உள்ளங்காலில் தணலைக் கொட்டின மாதிரி இருக்கும். ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கிடப்பேன். மாதாவிடம் மன்றாடினேன். எரிவு நின்றால் திருவிழாவில் உம்முடைய சொரூபம் வைத்த கூட்டை வெறுங்காலோடு தோளில் சுமப்பேன் என்று நேர்த்தி வைத்தேன். மாதங்கள் போகப் போக எரிவு குறைந்தது. ஒருநாள் முற்றாக நின்றுவிட்டது.

அதைத்தான் உங்களுக்குச் சாட்சியாகச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. சுகம் கிடைத்த பிறகும் குளிசை போடுவது நம்பிக்கையில்லாத வேலை என்று குளிசையை நிறுத்தினேன். கிளினிக்கையும் நிறுத்தினேன். உச்சி வெயிலில் மீனை இறக்கும்போது மற்றவர்கள் சுடுமணலில் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். நான் ஆறுதலாக நடந்து வருவேன். என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்யும் பிலிப்பு என்னை ‘இரும்புக்கால்’ என்று கூப்பிடத் தொடங்கினான். எனக்கு உள்ளூரப் பெருமை. கடவுள் எனக்கென்று தனியாகத் தந்த வரம் என்று நினைத்தேன்.

திருவிழா வந்தது. நேர்த்திப்படி வெறுங்காலோடு மாதாவின் கூட்டைச் சுமந்தேன். பின்னேரம்தான், ஆனாலும் தார் ரோட்டில் சூடு இறங்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டேன். திரேசா செம்போடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இஞ்சருங்கோ, இதென்ன நிலத்தில ரத்தம்?”

“மீன் ரத்தமா இருக்கும்,” என்றேன்.

“இண்டைக்கு ஆர் மீன் வெட்டினது?”

சீமெந்து நிலத்தில் கால் தடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அது என் கதிரையில் வந்து முடிந்தது. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கால் தோல் கொப்பளித்து உரிந்து கிடந்தது. சின்ன விரலுக்குக் கீழே கெளிறு மீனின் முள் ஒன்று முறிந்து உள்ளே இருந்தது. அது அன்றைக்கு ஏறினதல்ல. சுற்றிவர சீழ் பிடித்துக் கறுத்திருந்தது. எத்தனை நாளாக அந்த முள்ளோடு நடந்தேனோ, எனக்கே தெரியாது.

அடுத்த நாள் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் கிடந்தேன். மருந்து கட்ட வந்த தாதி புண்ணைச் சுற்றி அழுத்தினா.

“நோகுதோ அண்ணை?”

“இல்லை மிஸ். எனக்குக் கால் நோகாது. மாதா தந்த வரம்.”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் இருந்தா.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. சீனி கூடினா நரம்பு முதல்ல எரியும். பிறகு செத்துப்போம். நோகாததுதான் உங்கட வருத்தம்.”

எனக்கு உலகம் இருண்டுவிட்டது. எதற்காக நான் நன்றி சொன்னேனோ, அதுதான் என் காலைத் தின்றுகொண்டிருந்தது. டொக்டர் வந்து சின்ன விரலை எடுக்க வேண்டும் என்றார். கிருமி மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்றும் சொன்னார். கால் இல்லாமல் கடலுக்குப் போவது எப்படி? கடலைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். கடவுள் மேல் கோபம் வந்தது. அதைவிட என் மேல் கோபம் வந்தது.

“திரேசா, நான் பொய்ச்சாட்சி சொல்லிப்போட்டன்,” என்றேன்.

“பொய் சொல்லேல்லை. தெரியாமச் சொன்னனீங்கள். இப்ப தெரியும்தானே, இப்ப கேளுங்கோ,” என்றாள். செபமாலையை என் கையில் வைத்தாள்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு செபத்தை நான் சொன்னதில்லை. “ஆண்டவரே, என் காலை விட்டுவையும். என் நோவைத் திருப்பித் தாரும்” என்று மன்றாடினேன். நீங்களும் எனக்காக மன்றாடினீர்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

சின்ன விரல் போய்விட்டது. ஆனால் கிருமி மேலே ஏறவில்லை. இன்சுலின் ஏற்றினார்கள், தினமும் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் கிழமை டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, “கால் தப்பிச்சிட்டுது” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து முத்தமிட்டேன். பாவம், அவர் திகைத்துப்போனார்.

என் நோவு மட்டும் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் மணல் எனக்குச் சுடாது. செபத்தில் பாதிதான் கேட்கப்பட்டது என்று கொஞ்சக் காலம் மனம் குறைபட்டேன்.

வீட்டில் சட்டம் மாறியது. இப்போது திரேசா போடுவதுதான் சட்டம். சிவப்பரிசிச் சோறு ஒரு சின்னக் கிண்ணம். மிச்சக் கோப்பைக்கு முருங்கை இலை வறை, கத்தரிக்காய், மீன். தேங்காய்ப்பால் குறைத்த சொதி. பிளேன்டீக்குச் சீனியும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. முதல் மாதம் நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. ஒருநாள் சட்டைப் பையில் ஒளித்த பனங்கட்டி வியர்வையில் கரைந்து என்னைக் காட்டிக்கொடுத்தது. குளிசையை இப்போது ஒரு நாளும் விடுவதில்லை.

செருப்புத்தான் பெரிய கஷ்டம். இனி மூடின சப்பாத்து இல்லாமல் ஓரடியும் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வள்ளத்தில் ஒருவரும் செருப்போடு ஏறமாட்டார்கள். வள்ளம் சோறு போடுகிற இடம். முதல் நாள் மூடின சப்பாத்தோடு கரையில் நின்றேன், ஏற மனம் வரவில்லை. பிலிப்பு கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தான்.

“ஏறு மச்சான். வள்ளம் உன்னையெல்லோ கேட்குது,” என்றான். கையை நீட்டி என்னைத் தூக்கி ஏற்றினான்.

இந்த வருடத் திருவிழாவிலும் மாதாவின் கூட்டைச் சுமந்தேன். பங்குச் சுவாமியிடம் முன்கூட்டியே கேட்டேன். “சப்பாத்தோட வாரும். நீர் நடக்கிறதுதான் மாதாவுக்கு வேணும்,” என்றார். எத்தனையோ வெறுங்கால்களுக்கு நடுவே என் கறுத்த சப்பாத்து இரண்டும் போனதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

சீனி வருத்தம் உள்ள சகோதரங்களே, ஆண்டவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே குளிசையைப் போடுங்கள், கிளினிக்குக்குப் போங்கள். இன்றைக்கே உங்கள் உள்ளங்காலை யாரிடமாவது காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்த பிறகு செபமாலை சொல்வோம். அது முடிய நான் கதிரையில் இருந்து காலை நீட்டுவேன். திரேசா நிலத்தில் இருந்து, டோர்ச் அடித்து, விரல் இடுக்கெல்லாம் பார்ப்பாள். எனக்குத் தெரியாத நோவைத் தேடிக்கொண்டு அவள் குனிந்திருந்த ஓர் இரவுதான் என் செபத்தின் மற்றப் பாதியைக் கண்டேன். என் கால் இழந்ததை ஆண்டவர் அவளுடைய கண்ணில் வைத்துத் தந்திருக்கிறார்.

“ஒண்டுமில்லை,” என்பாள் பார்த்து முடிந்ததும்.

“ஆமென்,” என்பேன் நான்.